மூணு புரோகிராம், ஒரு காமன் ஜார்: மாங்கூழ் ஆலை மென்பொருளை எப்படிப் பிரிப்பது?

கேஆர்பி_கரை (கிருஷ்ணகிரி)

வணக்கம்ங்க. மாங்கூழ் ஆலைக்கான மென்பொருள். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் (சர்வர் எழுதும் ஃப்ரேம்வொர்க்), மேவன் (பில்டு கருவி), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). மூணு பகுதி இருக்கு.

முதலாவது எடைமேடை புரோகிராம். கேட்டில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும், சீரியல் போர்ட் வழியா இன்டிகேட்டரைப் படிக்கும், நெட் இல்லாவிட்டாலும் சீட்டு அடிச்சாகணும். இதில் ஸ்பிரிங் இல்லை, வெறும் ஜாவா. இரண்டாவது கொள்முதல் சர்வர்: விவசாயி கணக்கு, மண்டி கணக்கு, கழிவு, பணப் பட்டுவாடா. மூணாவது உற்பத்தி சர்வர்: லாட், டிரம், பிரிக்ஸ் (கூழின் சர்க்கரை அளவு), கிடங்கு இருப்பு.

மூணும் தனித்தனி ரெப்போ (புரோகிராம் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்). நாலாவதா காமன் என்று ஒரு ரெப்போ. அதன் ஜாரை (கம்பைல் ஆன கிளாஸ்களின் தொகுப்பு) ஸ்நாப்ஷாட்டாக, அதாவது அதே எண்ணில் திரும்பத் திரும்ப மாறும் பதிப்பாக, நெக்சஸ் என்ற ஜார் சேமிப்பு சர்வரில் ஏற்றுகிறோம், மத்த மூணும் எடுத்துக்கொள்ளும். எடைமேடை ரெப்போ தன் பங்குக்கு ஒரு கிளையன்ட் ஜாரை ஏற்றும், கொள்முதல் அதையும் எடுத்துக்கொள்ளும். ஆறு பேர் வேலை செய்கிறோம்: கிருஷ்ணகிரியில் மூணு, ஓசூரில் இரண்டு, தருமபுரியில் ஒருத்தர்.

தொல்லை இதுதான். காமனில் ஒரு மெத்தட் பெயரை மாற்றினால் மாற்றியவர் மெஷினில் எல்லாம் சரியா ஓடும். இன்னொருவருக்கு மறுநாள் வரைக்கும் பழைய ஜார்தான் வரும். பில்டு பச்சையா முடிஞ்ச பிறகும் சர்வரில் ‘நோ சச் மெத்தட் எரர்’ வருது. காமனில் இப்போ 214 கிளாஸ், யார் எதை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் விடப் பெரிசு, ஒரே லோடுக்கு மூணு இடத்தில் மூணு தொகை வருது.

பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்க இன்னும் பத்து வாரம் இருக்கு. அதுக்குள்ள எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

தொப்பூர்_கணவாய்

முதலில் அந்த எரர் ஏன் வருதுன்னு பார்த்துடலாம். மத்ததெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புது.

மேவன் ஸ்நாப்ஷாட் ஜாரை நாளுக்கு ஒரு தடவைதான் புதுசு இருக்கான்னு தேடும், அதுதான் இயல்பான அமைப்பு. காலையில் பில்டு போட்டவருக்குச் சாயங்காலம் ஏற்றிய ஜார் வராது. ‘ஹைஃபன் பெரிய யூ’ கொடுத்தால் உடனே தேடும், ஆனா ஆறு பேரும் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வச்சுக் கொடுக்கணும்னு நம்பி வேலை நடத்த முடியாது. பச்சை பில்டுக்குப் பிறகு வரும் எரருக்கு வேறு காரணம். உங்க எடைமேடை கிளையன்ட் ஜார் போன வாரக் காமனோடு கம்பைல் ஆனது. கொள்முதல் இன்றைய காமனை எடுக்குது. கொள்முதலின் சொந்தக் கோடு புதிய மெத்தட்டைக் கூப்பிடுவதால் கம்பைலர் திருப்தியாகிவிடும். ஏற்கெனவே கம்பைல் ஆன கிளையன்ட் ஜாருக்குள்ளே எந்த மெத்தட் கூப்பிடப்படுதுன்னு கம்பைலர் திறந்து பார்க்காது. ஓடும்போது அந்த வரியைத் தொட்டால்தான் வெடிக்கும்.

அதனால் நான் சொல்வது: நாலையும் ஒரே ரெப்போவாக்கி, ஒரே மேவன் பில்டுக்குள் கொண்டு வாங்க. காமனை மாற்றுபவரே அதே கம்மிட்டில் அதைப் பயன்படுத்தும் இடங்களையும் மாற்றியாகணும், இல்லாட்டி பில்டு சிவப்பு. ஸ்நாப்ஷாட் ஏற்றும் வேலையே அத்தோடு போயிடும். ஆறு பேர், ஒரே ஆலை, ஒரே சீசன் என்ற அளவுக்கு நாலு ரெப்போ தேவையே இல்லை.

அடுக்கு இப்படி இருக்கட்டும்:

வேர் ஃபோல்டர்: பேரன்ட் பாம் (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான மேவன் அமைப்பு ஃபைல்) மட்டும். கோடு ஒரு வரி கூட வேண்டாம்.
அடிப்படை: பணம், எடை, தேதி போன்ற மதிப்பு வகைகள். வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல்.
எடை-ஒப்பந்தம்: கேட்டுக்கும் சர்வருக்கும் இடையில் போகும் செய்தி வடிவங்கள் மட்டும்.
கொள்முதல்-விதி: கழிவு, விலை, தொகை. ஸ்பிரிங் இல்லாமல், டேட்டாபேஸ் இல்லாமல்.
உற்பத்தி-விதி: லாட், பிரிக்ஸ் விதிகள், அதே மாதிரி.
எடைமேடை-ஆப், கொள்முதல்-ஆப், உற்பத்தி-ஆப்: ஓடக்கூடிய மூணு புரோகிராம்.

அம்பு ஒரு திசைதான். ஆப் விதியைப் பார்க்கும், விதி அடிப்படையைப் பார்க்கும், திரும்பிப் பார்க்கவே கூடாது. ஓர் ஆப் இன்னோர் ஆப்பை டிபென்டென்சியாக எடுக்கவும் கூடாது. மாட்யூல்களுக்கு இடையே வட்டம் விழுந்தால் மேவனே ‘சைக்ளிக் ரெஃபரன்ஸ்’ என்று நிறுத்திவிடும். ஒரே மாட்யூலுக்குள் பேக்கேஜ்களுக்கு இடையே விழும் வட்டத்தை அது கண்டுகொள்ளாது. அதற்கு ஆர்க்யூனிட் லைப்ரரியில் நாலு வரி டெஸ்ட் போதும்: கொள்முதல்-விதி பேக்கேஜ் ஸ்பிரிங்கையும் ஜேபிஏவையும் (ஜாவாவின் டேட்டாபேஸ் அடுக்கு) தொடக் கூடாது என்று எழுதி வையுங்க. யாராவது அவசரத்தில் ஒரு ரெப்பாசிட்டரி கிளாஸை உள்ளே இழுத்தால் அந்த டெஸ்ட் விழும்.

லைப்ரரி வெர்ஷன் எல்லாம் பேரன்ட் பாமில் ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதியில் மட்டும். பிள்ளை பாமில் பெயர் இருக்கலாம், வெர்ஷன் எண் இருக்கக் கூடாது. இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு ஒன்று: பேரன்ட்டின் வெறும் ‘டிபென்டென்சிஸ்’ பகுதியில் எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கும் போஸ்ட்கிரெஸ் டிரைவரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும், கேட்டில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் வரைக்கும்.

ஸ்பிரிங் பூட்டில் மாட்டிக்கொள்ளும் மூணு இடம்.

பூட்டின் மேவன் பிளகினைப் பேரன்ட்டில் போட்டு எல்லாருக்கும் ஓட விட்டால், விதி மாட்யூலின் ஜாரும் ஓடக்கூடிய ஜாராக மாறிவிடும். கிளாஸெல்லாம் ‘பூட்-இன்ஃப்’ என்ற ஃபோல்டருக்குள் போயிடும், மத்த மாட்யூல் கம்பைல் ஆகும்போது ‘பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று கத்தும். எடிட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், அதனாலேயே நாள் கணக்கில் தேட வைக்கும். அந்தப் பிளகின் சர்வர் ஆப் இரண்டில் மட்டும் இருக்கட்டும்.

பூட், மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜையும் அதற்குக் கீழே உள்ளதையும் மட்டும்தான் ஸ்கேன் செய்யும். பங்குபோடும் மாட்யூலில் உள்ள பீன் (ஸ்பிரிங் உருவாக்கிக் கொடுக்கும் ஆப்ஜெக்ட்) கிடைக்கலைன்னா மேல் பேக்கேஜ் வரைக்கும் ஸ்கேனை விரிக்காதீங்க, வேண்டியதை ‘இம்போர்ட்’ செய்து பெயர் சொல்லி எடுங்க.

மூணாவது, பங்குபோடும் மாட்யூலில் ‘அப்ளிகேஷன் டாட் ப்ராப்பர்டிஸ்’ ஃபைல் வைக்கவே வேண்டாம். ஆப்பிலும் அதே பெயரில் ஃபைல் இருந்தால் ஒன்று மற்றதை மறைச்சிடும்.

இன்னொன்று, மாட்யூல் ஃபோல்டருக்குள் போய் அங்கிருந்து பில்டு போடும் பழக்கத்தை விடணும். மேவன் 3 அப்போ பக்கத்து மாட்யூலின் கோடைப் பார்க்காது, உங்க மெஷினில் மேவன் ஜார்களைச் சேர்த்து வைக்கும் எம்2 ஃபோல்டரில் என்றோ வச்ச பழைய ஜாரை எடுத்துக்கும். எப்பவும் வேரிலிருந்து ஓட்டுங்க. ஒரு மாட்யூல் மட்டும் வேணும்னா ‘பிஎல்’ ஆப்ஷனோடு ‘ஏஎம்’ சேர்த்தால் அது நம்பியிருக்கும் மாட்யூல்களையும் சேர்த்துக் கட்டும். அடிப்படையை மாற்றினால் ‘ஏஎம்டி’ சேருங்க, அதை நம்பியிருப்பவை எல்லாம் சேர்ந்து ஓடும்.

பர்கூர்_பாறை

மேலே சொன்னதோடு ஒத்துப்போறேன். ரெப்போவைச் சேர்க்கிற விதம் மட்டும் சொல்றேன். ஃபைலைக் காப்பி பண்ணி ஒட்டி வரலாற்றைத் தொலைச்சிடாதீங்க. கழிவுக் கணக்கில் ஒரு வரி ஏன் அப்படி இருக்குன்னு கிட்டின் ‘பிளேம்’ (ஒவ்வொரு வரியையும் யார், எப்போ மாற்றினார்னு காட்டுவது) போட்டுப் பார்க்கிற தேவை சீசன் நடுவில்தான் வரும்.

‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ தனியா இன்ஸ்டால் பண்ணணும், கிட்டோடு வராது. ஒவ்வொரு ரெப்போவையும் புதுசா குளோன் பண்ணி, அந்தக் குளோனில் ‘டு சப்டைரக்டரி ஃபில்டர்’ ஆப்ஷன் கொடுத்து ஓட்டுங்க. முழு வரலாறும் எடைமேடை-ஆப் ஃபோல்டருக்குள்ளேயே நடந்தது மாதிரி திருத்தி எழுதிடும். டேக் பெயர் நாலிலும் மோதும், அதனால் ‘டேக் ரீநேம்’ கொடுத்து முன்னொட்டு சேருங்க. பிறகு காலி ரெப்போ ஒண்ணில் நாலையும் ரிமோட்டாகச் சேர்த்து, ஃபெட்ச் பண்ணி, ‘அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரிஸ்’ கொடுத்து ஒவ்வொன்றா மெர்ஜ் பண்ணுங்க. கம்மிட் எண் எல்லாம் மாறிடும். அதனால் திறந்திருக்கிற பிரான்ச் எல்லாத்தையும் முதல்நாளே மெர்ஜ் பண்ணணும், இல்லைன்னா மூடணும். பழைய நாலு ரெப்போவையும் படிக்க மட்டும்னு பூட்டிடுங்க. பூட்டாம விட்டா யாராவது ஒருத்தர் பழைய இடத்திலேயே புஷ் பண்ணிட்டு இருப்பார்.

அதுக்கப்புறம்தான் 214 கிளாஸைப் பிரிக்கிறது. இங்கே ஒரு கட்டுப்பாடு: நகர்த்துகிற கம்மிட் வேற, திருத்துகிற கம்மிட் வேற. கிட் பெயர்மாற்றத்தைக் குறிச்சு வைக்கிறதில்லை, இரண்டு ஃபைலும் பாதிக்கு மேல் ஒத்திருந்தா அதுதான் இதுன்னு பிறகு கண்டுபிடிக்குது. நகர்த்தும்போதே உள்ளேயும் நிறைய மாற்றினா புது ஃபைல்னு நினைச்சுக்கும்.

நகர்த்த ஆரம்பிக்கிற முன்னாடி ‘டிபென்டென்சி அனலைஸ்’ ஒரு தடவை ஓட்டுங்க. எழுதி வச்சுப் பயன்படுத்தாத லைப்ரரி எது, எழுதாமலே இன்னொன்று வழியா உள்ளே வந்தது எதுன்னு காட்டும். ஒரே ஒரு ஆப் மட்டும் பயன்படுத்துகிற கிளாஸ் காமனில் நிறையவே இருக்கும். அதையெல்லாம் யோசிக்காம அந்த ஆப்புக்குள்ளேயே திருப்பி அனுப்பிடுங்க. கடைசியில் காமன் என்ற பெயரில் மாட்யூலே இருக்கக் கூடாது. அந்தப் பெயர் இருக்கிற வரைக்கும் இடம் தெரியாத எல்லாமே அங்கே வந்து விழும்.

சர்வர் பில்டில் இரண்டு விஷயம். மெயின் பிரான்சில் நேரடி புஷ் பூட்டியிருக்கணும். அடிப்படை, எடை-ஒப்பந்தம் இரண்டுக்கும் ‘கோட் ஓனர்ஸ்’ ஃபைலில் (எந்தப் பகுதியை யார் ரிவ்யூ பண்ணணும்னு சொல்லும் ஃபைல்) இரண்டு பேர் பெயர் போடுங்க, ஒருத்தர் கிருஷ்ணகிரி, ஒருத்தர் ஓசூர். கிட்ஹப்பில் அந்த ஃபைலைப் பொருத்தவரை கடைசியா ஒத்துப்போகிற வரிதான் செல்லும். அதனால் பொது வரி மேலே, குறிப்பான வரி கீழே.

விண்டோஸும் லினக்ஸும் கலந்து வேலை செய்றீங்க. முதல் நாளே ‘கிட் ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைல் போட்டு வரி முடிவைச் சீராக்கிடுங்க, பேட் ஃபைலுக்கு மட்டும் விண்டோஸ் வரி முடிவு. இல்லாட்டி ஒரு வரி மாற்றத்துக்கு ஃபைல் முழுக்க மாறினதா காட்டும், ரிவ்யூ பண்ண முடியாது.

கேஆர்பி_கரை (கிருஷ்ணகிரி)

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். இரண்டு சந்தேகம். கொள்முதலில் பழக் கழிவு சதவீதம், உற்பத்தியில் தோல், கொட்டை கழிவு சதவீதம். இரண்டும் ‘எடையில் இத்தனை சதவீதம் கழி’ என்ற ஒரே ஃபார்முலாதான். ஒரே கிளாஸாக அடிப்படையில் வைக்கலாமா? அப்புறம், கேட் கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பு வாரம் ஒரு தடவைதான் போட முடியுது. ஒரே ரெப்போன்னா எல்லாம் ஒரே பதிப்பா ஓடணுமா?

அதியமான்கோட்டை

வைக்காதீங்க அண்ணா. ஃபார்முலா ஒண்ணுதான், மாறுகிற காரணம் வேற வேற. பழக் கழிவு ஆலைக்கும் விவசாயிக்கும் நடுவில் இருக்கும் பேச்சு. அதை மாற்றச் சொல்கிறவர் கொள்முதல் மேலாளர். தோல், கொட்டைக் கழிவு மெஷினைப் பொறுத்தது, பழம் கனிஞ்ச பக்குவத்தைப் பொறுத்தது. மாற்றச் சொல்கிறவர் உற்பத்தி ஷிப்ட் பொறுப்பாளர். ஒரே கிளாஸில் வச்சா ஒருத்தருக்காக ‘இஃப்’ போடுவீங்க, அடுத்தவருக்காக ஒரு பூலியன், நாலாவது மாதம் அதைத் தொடவே பயப்படுவீங்க. மாறக்கூடிய முடிவு ஒவ்வொண்ணையும் ஒரு மாட்யூலுக்குள் மறைச்சு வைக்கணும்னு டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதினார். இங்கே அது அப்படியே பொருந்துது. மூணு வரி இரண்டு இடத்தில் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

நிஜமாவே பங்குபோட வேண்டியது ரவுண்டிங். உங்க மூணு தொகைக்கும் காரணம் அதுவாத்தான் இருக்கும். ஒரு லோடைப் போட்டுப் பாருங்க. மொத்த எடை 13,420, காலி வண்டி 5,570, நிகரம் 7,850 கிலோ. கழிவு 1.5 சதவீதம்னா 117.75 கிலோ. கிலோ 18 ரூபாய்.

கழிவை 118 ஆக்கிக் கழித்தால் 7,732 கிலோ, 1,39,176 ரூபாய்.
கழிவை ‘இன்ட்’ ஆக வெட்டினால் 117, அப்போ 7,733 கிலோ, 1,39,194 ரூபாய்.
எதையும் ரவுண்ட் பண்ணாமல் விட்டால் 7,732.25 கிலோ, 1,39,180 ரூபாய் 50 பைசா.

மூணு கோடும் தனித்தனியா பார்த்தா சரியாத்தான் இருக்கும். எந்த இடத்தில், எத்தனை தசமத்துக்கு, எந்தப் பக்கம் ரவுண்ட் பண்ணணும் என்பதை ஆலையின் கணக்காளர் சொல்லணும், கோடு எழுதுகிறவர் முடிவு பண்ணக் கூடாது. அவர் சொன்னதை அடிப்படையில் ‘எடை’, ‘பணம்’ என்ற இரண்டு வகைக்குள் வையுங்க. உள்ளே பிக்டெசிமல் (ஜாவாவின் துல்லியமான தசம எண் வகை), வெளியே அது தெரியக் கூடாது. ‘டபுள்’ இந்தப் பக்கமே வரக் கூடாது, பிக்டெசிமலை டபுளிலிருந்து ‘நியூ’ போட்டு உருவாக்கவும் கூடாது. 0.1 என்று கொடுத்தால் 0.1 ஆக இருக்காது. எழுத்து வடிவில் கொடுங்க. ‘ஈக்வல்ஸ்’ 2.0-ஐயும் 2.00-ஐயும் வேற வேறன்னு சொல்லும், ஒப்பிட ‘கம்பேர் டு’ போடுங்க. ‘ஹாஃப் ஈவன்’ 2.5-ஐ 2 ஆக்கும், ‘ஹாஃப் அப்’ 3 ஆக்கும். எது வேணும்னு இரண்டு உதாரணத்தோடு கணக்காளரிடம் காட்டுங்க.

பழைய சீட்டு ஒரு முப்பதை எடுத்து மொத்தம், காலி, சதவீதம், விலை, கணக்காளர் கையால் போட்ட தொகை என்று ஒரு சிஎஸ்வி ஃபைலாக்குங்க. ஜேயூனிட் 5 அந்த ஃபைலை நேரடியா படிச்சு வரிக்கு ஒரு டெஸ்ட் ஓட்டும். கொள்முதல்-விதி மாட்யூலில் அது இருந்தால் ரவுண்டிங்கை யார் தொட்டாலும் எந்தச் சீட்டு மாறுதுன்னு எண்ணோடு தெரியும்.

கேட் விஷயம். ஒரே ரெப்போ என்றால் ஒரே நாளில் பதிப்பு மாறணும்னு அர்த்தம் இல்லை. ஆனா இதை மறந்தா மாட்டிக்குவீங்க: ரெப்போவில் எல்லாம் ஒத்துப்போகும், வெளியே போன வாரத்துக் கேட் புரோகிராம் இன்றைய சர்வரோடு பேசிட்டிருக்கும். கம்பைலர் அங்கே காப்பாத்தாது. அதனால் எடை-ஒப்பந்தத்தில் புது ஃபீல்டு சேர்க்கலாம், அதுவும் கட்டாயமில்லாததா. இருப்பதை நீக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. கேட்டில் பழைய பதிப்பு ஒண்ணும் மிச்சமில்லைன்னு தெரிஞ்ச பிறகு நீக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம். ஸ்பிரிங் பூட் சர்வர் தெரியாத ஃபீல்டு வந்தா கண்டுக்காம விட்டுடும், பூட் அப்படி அமைச்சு வச்சிருக்கு. உங்க கேட் புரோகிராம் ஸ்பிரிங் இல்லாத வெறும் ஜாவா. ஜாக்சன் 2-ஐ (ஜேசன் செய்தியைப் படிக்கும் லைப்ரரி) அப்படியே எடுத்தால் தெரியாத ஃபீல்டைப் பார்த்ததும் எரர் அடிக்கும். சர்வர் பதிலில் ஒரு ஃபீல்டு சேர்த்த அன்றைக்கே கேட் நின்னுடும். அந்த அமைப்பை கேட் பக்கம் அணைச்சு வையுங்க. ‘ஈனம்’ வகையும் (குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் கொண்ட பட்டியல்) அதே மாதிரி. பழத் தரத்தில் புதுசா ஒண்ணு சேர்த்தா பழைய கேட்டுக்கு அது தெரியாது, அதைத் தாங்குகிற அமைப்பும் போடணும்.

கேட்டில் கழிவுக் கணக்கே வேண்டாம். மொத்தம், காலி, நேரம், வண்டி எண், கேட் எண்ணோடு சேர்த்த சீட்டு எண். இதை மட்டும் அனுப்பட்டும். சர்வரில் சீட்டு எண்ணுக்கு ‘யுனிக்’ போடுங்க. நெட் வந்ததும் ஒரே சீட்டை இரண்டு தடவை அனுப்பினாலும் இரண்டு லோடாக விழாது.

தென்பெண்ணை_வடகரை

ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். எடைமேடை-ஆப்பைத் தனி ரெப்போவாகவே விடலாம் என்பது என் கருத்து. அது வாரம் ஒரு முறை வெளியாகிறது, ஸ்பிரிங் இல்லை, சீரியல் போர்ட் இல்லாமல் முழுசாகச் சோதிக்கவும் முடியாது. எடை-ஒப்பந்தம் ஜாரை ஸ்நாப்ஷாட் இல்லாமல் 1.4.0 போல நிலையான எண்ணோடு வெளியிட்டு அதை எடுத்துக்கொண்டால் போதும். நிலையான எண் கொண்ட ஜார் ஒருமுறை ஏறினால் மாறாது, நெக்சஸில் மறுபடி ஏற்றுவதையும் தடை செய்யலாம். யாராவது கிட் சப்மாட்யூல் வைக்கச் சொன்னால் வேண்டாம். அது உள்ளே இருக்கும் ரெப்போவின் ஒரு கம்மிட் எண்ணை மட்டும்தான் பிடித்து வைக்கும். உள் கம்மிட்டைப் புஷ் செய்ய மறந்தால் மற்ற ஐந்து பேருக்கும் அது கிடைக்காது.

இன்னொரு கேள்வி: டேட்டாபேஸ் மாற்ற ஃபைல்களை எண் வரிசையில் ஓட்டும் ஃப்ளைவே கருவியைப் பயன்படுத்துகிறீர்களா?

கேஆர்பி_கரை (கிருஷ்ணகிரி)

ஆமாங்க. வி41 என்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே நாளில் இரண்டு ஃபைல் வந்திருக்கு.

தென்பெண்ணை_வடகரை

எதிர்பார்த்ததுதான். வரிசை எண்ணுக்குப் பதிலாக தேதியும் நேரமும் வையுங்கள், நிமிடம் வரை. மோதல் நின்றுவிடும். ஆனால் முன்தேதி ஃபைல் பின்னால் மெர்ஜ் ஆனால் ஃப்ளைவே இயல்பாக அதை ஏற்காது. மெர்ஜ் செய்வதற்குச் சற்று முன் பெயரைப் புது நேரத்துக்கு மாற்றிவிடுவது ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ அமைப்பைத் திறந்து விடுவதைவிட நல்லது. சர்வரில் ஓடி முடிந்த ஃபைலில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறி சர்வர் கிளம்பாது, திருத்தம் புது ஃபைலாகவே வரணும். கொள்முதலுக்கும் உற்பத்திக்கும் தனித்தனி ஸ்கீமா, தனித்தனி ஃபோல்டர். ஒருவர் டேபிளில் இன்னொருவர் நேரடியாக ஜாயின் போட்டால் மாட்யூல் பிரித்ததே வீண்.

தொப்பூர்_கணவாய்

எடைமேடையைத் தனியா விடுறதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கேட்டுக்கு என்றே ஒருத்தர் இருந்தால். ஆறு பேரும் மூணையும் தொடுகிறவர்கள் என்றால் ஒரே ரெப்போதான் வசதி.

பத்து வாரத்துக்கு இந்த வரிசை: முதல் வாரம் ரெப்போ சேர்ப்பு, பேரன்ட் பாம், சர்வர் பில்டு. அடுத்த இரண்டு வாரம் கணக்காளரோடு உட்கார்ந்து ரவுண்டிங்கும் சிஎஸ்வி டெஸ்ட்டும். இதைத் தள்ளிப் போடாதீங்க, விவசாயி கைக்குப் போகிற பணம். பிறகு மூணு வாரம் காமனைப் பிரிப்பது. ஏழாவது வாரம் கேட் புரோகிராமின் ஜாக்சன் அமைப்பும், பழைய கேட், புது சர்வர் சோதனையும். எட்டாவது வாரத்தோடு கட்டமைப்பு வேலை நிற்கணும். 214-இல் நாற்பது கிளாஸ் மிச்சம் இருந்தாலும் அப்படியே விட்டுட்டு ஆகஸ்டில் எடுங்க. கடைசி இரண்டு வாரம் போன வருஷச் சீட்டுகளைப் புது விதியில் ஓட்டி, தொகை மாறுகிற ஒவ்வொரு வரிக்கும் கணக்காளரிடம் காரணம் கேட்டு எழுதி வாங்குங்க.